ஒற்றனுக்குப் பேச வராது

அப்பா வேலை செய்த தோல் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆம்பூரில் அப்படிச் சில கம்பெனிகள் உண்டு. அம்மா தைக்கப் போன ஷூ கம்பெனிக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் ஞாயிறு. நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டது பண்டிகை நாட்களில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் வண்டி தெருமுனை திரும்பியதும், கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த பழைய துப்பட்டாவை அண்ணன் எடுப்பான். மாலைவரை நாங்கள் இருவரும் அரசர்கள்.

அண்ணனின் தோஸ்த் ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். அவன்தான் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தவன். நகரங்கள் கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், எதிரியின் நகரங்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஆடலாம். ஒருவர் தன் முறையை முடித்ததும் திரை கறுத்துவிடும். அடுத்தவர் வந்து பொத்தானை அழுத்தினால்தான் அவருடைய நாடு தெரியும். ஒருவர் ஆடும்போது மற்றவர் வெளியே போய் வாசற்படியில் உட்கார வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம்.

“எட்டிப் பாத்தா அது திருட்டு, பாப்பா. ஒற்றன அனுப்பிப் பாத்தா ராஜதந்திரம்” என்பான்.

ஊர்ப் பெயர்களைப் பஸ் போர்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டோம். கோட்டை இருப்பதால் வேலூரை நான் அடம்பிடித்து வாங்கித் தலைநகராக்கினேன். அவனுடைய தலைநகர் ஆம்பூர். பேரணாம்பட்டும் அணைக்கட்டும் எங்களுக்குள் பலமுறை கைமாறின. அங்கே குடியிருந்தவர்களுக்கு இது தெரியாது.

ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தகவல் திரை உண்டு. மேலே வரிசையாக முகங்கள் இருக்கும். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், சிவந்து கோபமாக இருக்கும் முகம். ஒரு பக்கம் களஞ்சியம், மறு பக்கம் அந்த ஊர் அப்போது என்ன கட்டிக்கொண்டிருக்கிறது என்கிற விவரம், அடியில் காவலுக்கு நிற்கும் படை. உன் நகரத்தின் திரையை நீ எப்போதும் திறக்கலாம். எதிரியின் திரையைத் திறக்க, உன் ஒற்றன் உள்ளே நுழைந்து பிடிபடாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் அண்ணன்தான் எனக்குப் படித்துச் சொல்லிக்கொடுத்தான். போரில் எனக்கு ஆர்வம் குறைவு. ஒற்றனை நுழைத்து அடுத்தவன் ஊரின் களஞ்சியத்தைப் பார்ப்பதில் இருந்த சுகம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை அது. அப்பா தன் மேனேஜரிடம் பலமுறை பேசி, அவனுக்கு அதே கம்பெனியில் டிரெய்னி வேலை வாங்கியிருந்தார். யார் காலிலும் விழாதவர் இதற்காக நாலு பேர் வீட்டு வாசலில் நின்றதாக அம்மா சொன்னாள். நீலச் சட்டை வந்தது. ஏற்றுமதியில் ஏதோ தையல் குறையால் கழிக்கப்பட்ட நல்ல ஷூ ஒரு ஜோடி வந்தது. அண்ணன் போட்டுப் பார்த்தான். சரியாக இருக்கிறது என்றான். வண்டி இன்ஜினைப் பிரித்து மாட்டும் பட்டறைகளின் முன்னால் அவன் மணிக்கணக்கில் நிற்பதை எல்லோரும் பார்த்திருந்தோம். அதை ஒரு விருப்பம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளி முடிந்துவிட்டதால் வெள்ளிக்கிழமைகளில் அப்பாவும் அவனும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். அம்மா வேலைக்குப் போயிருப்பாள், நான் கோடைகால டைப்பிங் வகுப்புக்கு. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கே எனக்கு ஒற்றன் இல்லை.

ஆனால் அவனுடைய ஆம்பூரில் இருந்தான். பிடிபடாமல் நீண்ட நாள் தாக்குப்பிடித்த என் ஒரே ஒற்றன். வாராவாரம் அதன் திரையைத் திறந்து பார்த்தேன். களஞ்சியம் நிரம்பியிருந்தது. வரியும் கம்மி. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சிவந்த முகங்கள் ஜாஸ்தியாகிக்கொண்டே போயின. என் முறை முடிந்து அவனைக் கூப்பிட்டபோது கேட்டேன்:

“உன் ஊர்லதான் சோறு இருக்குது, காவல் இருக்குது. அப்புறம் இன்னாத்துக்கு இவங்களுக்கு இவ்ளோ கோவம்?”

“நீயே கேளு. உன் ஆளு உள்ளதானே குந்திக்கினு இருக்கான்.”

“ஒற்றனுக்குப் பேச வராதுண்ணா. பாக்கத்தான் தெரியும்.”

அவன் சிரித்தான். “அதான் பேஜாரு” என்றான்.

கோயிலோ சந்தையோ கட்டினால் கோபம் தணியும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அவன் ஒன்றும் கட்டவில்லை.

வேலையில் சேர்வதற்கு முந்தைய நாள் ஞாயிறு. அம்மா நீலச் சட்டையைத் தேய்த்துக் கதவு ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாளைக்கு மாவு அரைக்க உட்கார்ந்தாள். அன்று அண்ணன் தன் முறையைச் சீக்கிரம் முடித்துவிட்டான்.

“பொறுமையா ஆடு பாப்பா. அவசரம் இல்ல” என்று சொல்லிவிட்டு வாசற்படிக்குப் போனான்.

நான் பொத்தானை அழுத்தி, முதல் வேலையாக ஆம்பூரின் திரையைத் திறந்தேன். காவல் படை ஒன்றுகூட இல்லை. கட்டப்படுவது: கப்பல். அதில் ஏற்ற, புது ஊர் அமைக்கப் போகிறவர்களின் கூட்டம் ஒன்று தயாராக நின்றது. அங்கிருந்தே கத்தினேன்:

“அண்ணா, ஆம்பூர்ல ஏது கடலு?”

“இந்த ஆம்பூர்ல இருக்குது” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அதுதான் அன்று அவன் கடைசியாகப் பேசியது. நான் யோசித்தேன். தலைநகரை யாராவது காவல் இல்லாமல் விடுவார்களா? இது பொறி என்று முடிவு செய்தேன். பக்கத்துக் காடுகளில் படை ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. அதன் பிறகு என் படைகளையெல்லாம் திரட்டி, சுற்றி வளைத்து, வெகுநேரம் எடுத்துக்கொண்டு, ஆம்பூரைப் பிடித்தேன். அவனை நான் வென்றது அதுவே முதல் முறை. என் முறையை முடித்தேன். திரை கறுத்தது.

“வாண்ணா, உன் ஆட்டம்! ஆம்பூரு போச்சு!”

எழுந்து போய்ப் பார்த்தேன். வாசற்படி காலியாக இருந்தது. மாவுக் கையோடு அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, அவன் எங்க?”

“தோத்துட்டான்மா. கோவிச்சிக்கினு போய்ட்டான்.”

“நாளைக்கு வேலைக்குப் போவப் போறவன். கோவத்தப் பாரு” என்று அம்மா சிரித்தாள். மாலையில் அப்பா வந்தபோதும் அதையேதான் சொன்னோம். அவரும் சிரித்தார். தோஸ்த் கடையில் இருப்பான், பசித்தால் வருவான் என்றார். அவன் ஏறி நின்றிருந்த ரயில் அந்நேரம் ஜோலார்ப்பேட்டையைத் தாண்டியிருக்கும். சாப்பாட்டு நேரம் கடந்த பிறகுதான் அப்பா கதவின் பக்கம் பார்த்தார். சட்டை ஆணியில் இருந்தது. கீழே ஷூ இல்லை.

“ஷூவ மட்டும் எடுத்துக்கினு போயிருக்கான்” என்றார்.

சில நாள் கழித்து நாசிக்கிலிருந்து போன் வந்தது. ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்திருந்தான். இப்போது அங்கே சொந்தப் பட்டறை, மனைவி, பிள்ளைகள். கல்யாணங்களுக்கு வருகிறான். அப்பா ரயில் எப்போது கிளம்பியது என்று கேட்பார், அவன் சொல்வான். வெயில் பற்றி இரண்டு வார்த்தை. அதற்கு மேல் இருவருக்கும் நடுவில் ஒன்றும் வருவதில்லை. நாங்கள் அவனை நன்றாகவே பார்த்திருந்தோம்: சரியாகச் சாப்பிட்டான், தூங்கினான், ஷூ பொருந்துகிறது என்றான். பார்த்ததெல்லாம் உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

அந்த மாலையில் எனக்கு அதிகம் நினைவிருப்பது வேறு. அப்பா வருவதற்கு முன் கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பொத்தானை அழுத்தினால் அவனுடைய நாட்டில் மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும். விரல் இரண்டு முறை அருகே போனது. அது அவனுடைய முறை, எட்டிப் பார்த்தால் திருட்டு. எழுந்து வாசற்படிக்குப் போய், அவன் உட்காரும் இடத்தில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். சட்டத்தை மீறவில்லை என்று பெருமையாக இருந்தது. எவ்வளவு நேரமானாலும் அவன் தன் ஆட்டத்தை ஆட வந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.