கொத்தனார் கட்டிய லாட்ஜ்

என் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இடியே விழுந்தாலும் எழமாட்டாள். விளையாட அல்ல, கேம் ஆடுகிறவர்களுக்காக ஒருவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே சொந்தமாகக் கட்டும் இடங்களுக்கு விளக்கு வைக்க.

அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். அவள் அவரைக் 'கொத்தனார்' என்பாள், அவர் அவளைக் 'கரண்ட்டு' என்பார். அவர் அனுப்பும் கட்டடம் பூசாத சுவர் மாதிரி சாம்பலாக, மூலைமுடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாக இருக்கும். அக்கா முதலில் எல்லாவற்றையும் இருட்டாக்குவாள். பிறகு ஜன்னலில் கொஞ்சம் நிலா, கதவிடுக்கில் மஞ்சளாக ஒரு கீற்று, தரையில் முழங்கால் உயரத்துக்குப் பனி. பக்கத்தில் பார்க்கிற நானே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வேன்.

கடைசியாக எடுத்தது ஒரு பேய் லாட்ஜ்.

"வெளிச்சத்தை இன்னும் குறை, கரண்ட்டு. வர்றவன் அலறணும்."

"குறைச்சா நீதான் முட்டிக்கிட்டு நிப்பே."

சரிபார்க்க இருவரும் சேர்ந்தே உள்ளே போவார்கள். "நீ முன்னாடி போ, நான் செவுத்துல விரிசல் இருக்கான்னு பாத்துக்கிட்டு வர்றேன்" என்பார் ஒவ்வொரு முறையும்.

திடீரென்று அவர் வருவது நின்றது. ஏதோ கோபம் என்று அக்காவும் முறுக்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கணக்கிலிருந்து அழைப்பு வந்தது.

"என்ன கொத்தனாரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"நான் அவரோட தங்கச்சிங்க. அண்ணன் போயிட்டாரு. ஹார்ட் அட்டாக்" என்றது ஒரு பெண் குரல். "கடைசியா கட்டினதைப் பாக்கணும்னு அம்மா சொல்றாங்க. எனக்கு இதுல வழி தெரியல. காட்டுறீங்களா?"

அக்கா அவர்களை லாட்ஜுக்குள் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். நடைக்கூடத்தில் பாதி தூரம் போனதும் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"ஏம்மா இவ்வளவு இருட்டு? அவனுக்கு இருட்டுன்னா ஆகாதே. இந்த வயசுலயும் ஹால் லைட்டைப் போட்டுட்டுத்தானே தூங்குவான்."

"எங்கிட்ட அவர் சொல்லவே இல்லைங்கம்மா."

"உங்கிட்ட எப்படிச் சொல்லுவான், மானம் போயிடாது?" அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக உடைந்தது.

"கொஞ்சம் இருங்கம்மா" என்று அக்கா பனியை எடுத்தாள். அறைக்கு அறை விளக்குப் போட்டாள், படிக்கட்டில் வெயிலை விட்டாள். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது: ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும், படுத்தபடியே கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். முதலில் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்ததில் அவை கண்ணில் படவில்லை, பிறகு அக்காவின் இருட்டு அவற்றை மூடிவிட்டது.

"நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்றார் அந்த அம்மா.

அக்கா அதை அந்த வெளிச்சத்தோடு அப்படியே வெளியிட்டாள். 'இது பேய் லாட்ஜா, கல்யாண வீடா?' என்று ஆடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவள் அதை மாற்றவில்லை. வேறு ஆட்கள் விளக்கு வைக்கக் கேட்டு அனுப்புவதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கடையிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொள்கிறாள்.