ராடு நேராகத்தான் இருந்தது

அவளைக் கண்ணாடி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, கடை முகப்புக் கண்ணாடி என்று எது கேட்டாலும் அவளுடைய பிக்கப்பில் வந்து இறங்கும். வெட்டுவது கணவர், கொண்டு போய்ச் சேர்ப்பது அவள். கணவருக்கு சைக்கிள் என்றாலே உதறல். "உங்க வீட்டுக்காரர் ஓட்ட மாட்டாரா?" என்று யாராவது கேட்டால், "அவர் உட்கார்ந்து வந்தாலே வண்டி பயப்படுது" என்பாள்.

கண்ணாடி ஏற்றுகிறவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும். பின்னால் லேசாகக் கிணுகிணுத்தாலும் தூக்கிவாரிப் போடும். அதனால்தான் முன்பக்கத்திலிருந்து வந்த அந்த 'கொடக்' சத்தத்தை அவள் உடனே கண்டுகொண்டாள். குழியில் இறங்கும்போது கேட்டது. வளைவில் திரும்பும்போதும் கேட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர்.

"ஸ்டீயரிங் ராக் போயிடுச்சு. அதையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு எண்டும் ரெண்டு பக்கமும் ஆடுது. எல்லாத்தையும் மாத்தணும்."

"புதுசு கிடைக்குமா?"

"எண்டு கிடைக்கும். ராக்குக்குச் சொல்லி வைக்கணும், வர நாளாகும். அவசரம்னா இதே மாடல் வண்டி பழைய இரும்புக்கடைல ஒண்ணு வந்திருக்காம். அதுல நல்லதா இருந்தா கழட்டிக்கலாம்."

அவசரம்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கண்ணாடி முழுவதும் வெட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தது. தம்பியின் வண்டியைக் கேட்கலாம் என்றால், அவனுக்கும் ஓயாத ஓட்டம். அவனும் அவளும் ஒரே நேரத்தில் வாங்கிய, ஒரே மாடல் பிக்கப்புகள். அவன் போன மாதம்தான் டை ராடு எண்டை மாற்றியிருந்தான். "பாதி விலைக்கு முடிச்சேன்க்கா. மஞ்சப் பெயிண்டெல்லாம் அடிச்சு பொம்மை மாதிரி இருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டான். அவன் வண்டிக்கு டயர் மாற்றும்போது அவளும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

இரும்புக்கடையில் அந்த வண்டி சுவரோரமாக நின்றது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஒரு பக்கக் கதவு இல்லை. ஓட்டுநர் இருக்கையில் பூப்போட்ட உறை போட்ட ஒரு சின்ன தலையணை, முதுகுக்கு முட்டுக் கொடுக்க வைப்பார்களே, அது இன்னும் அங்கேயே இருந்தது.

"என்னாச்சு இதுக்கு?" என்று கேட்டாள்.

"பள்ளத்துல இறங்கிடுச்சு" என்றார் கடைக்காரர்.

"ஓட்டினவரு?"

"நான் ஆளைப் பத்தி விசாரிக்கறதில்லம்மா. வண்டியைத்தான் வாங்கறேன்."

அவள் அந்தத் தலையணையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கடியில் நகர்ந்து போனார். பிறகு, "இங்க வந்து குனிஞ்சு பாருங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

வலது சக்கரத்துக்கும் ராக்குக்கும் நடுவில் இருக்கும் ராடு, சக்கரத்தோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இருக்க வேண்டிய பந்து கழுத்தோடு முறிந்துபோயிருந்தது. முறிந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பொரபொரவென்று மின்னியது. அதைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட், புதுக் கருக்கு அழியாமல்.

"கீழ விழுந்ததுல உடைஞ்சிருக்கும்" என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

"விழுந்து உடைஞ்சிருந்தா முதல்ல ராடு வளைஞ்சிருக்கும். ராடு நேரா இருக்கு பாருங்க." மெக்கானிக் விரலால் அதைத் தடவிக் காட்டினார். "இது ஓடிட்டிருக்கும்போதே உடைஞ்சிருக்கு. அப்புறம்தான் வண்டி கீழ போயிருக்கு."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். அந்த நல்ல பழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"காலைலயே மலைக்கு டைல்ஸ் ஏத்திட்டுப் போயிட்டாரு அண்ணி. இறக்கிட்டு மரம் ஏத்திக்கிட்டு வரேன்னாரு. ஏன், ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

தன் வண்டியில் போக முடியாது. மெக்கானிக்கின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். மலைப்பாதை ஏற ஏற, எதிரே இறங்கும் ஒவ்வொரு வண்டியும் அவனுடையதாகத் தெரிந்து, பக்கத்தில் வந்ததும் வேறாக மாறியது. ஓரிடத்தில் பள்ளத்துப் பக்கக் கைப்பிடிச் சுவர் பெயர்ந்து கிடந்தது. மெக்கானிக் வேகத்தைக் குறைத்தார். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே புதர்கள் மட்டும்தான். சுவர் இடிந்து வெகுநாளாகியிருக்க வேண்டும், கல்லில் பாசி பிடித்திருந்தது.

இரண்டு வளைவு தள்ளி அவன் வந்தான். மரக்கட்டைகளைப் பாரமாக ஏற்றிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தவன், அக்காவைப் பைக்கில் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஓரங்கட்டப் போனான். பள்ளம் இருந்த ஓரம்.

"திருப்பாத. அப்படியே நில்லு" என்று கத்தினாள்.

அவன் நடுரோட்டிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

"என்னக்கா, வீட்ல யாருக்காவது..."

"இறங்குடா முதல்ல."

சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு மெக்கானிக் அடியில் புகுந்தார். நட்டைக் கழற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்கு அந்த மஞ்சள் எண்டு துண்டாகிக் கையில் விழுந்தது. வெளியே வந்து அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். உடைந்த இடத்தில் பாதி பழைய விரிசல், துருப்பிடித்திருந்தது. மீதிப் பாதி இப்போதுதான் விட்டிருந்தது.

தம்பி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான். "வீட்ல சொல்லாதக்கா" என்றான். பஸ் கண்டக்டர் திட்டுவதற்காக இறங்கி வந்தவர், அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத் திட்டாமல் திரும்பிப் போனார்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இரும்புக்கடை ராக் நன்றாகத்தான் இருந்தது, மெக்கானிக்கும் குறை சொல்லவில்லை. அவளுக்கு வேண்டாம். இரண்டு வண்டிக்கும் கம்பெனி டிப்போவிலிருந்து வரும் ஒரிஜினல்தான். அது வரும்வரை இரண்டு வண்டியும் கட்டைமேல் நின்றன. பள்ளிக்கூடத்துக்காரர்கள் தினமும் கூப்பிட்டுக் கடுகடுத்தார்கள். "கண்ணாடியத் தலைல சுமந்துட்டுப் போவியா?" என்று கணவர் கேட்டார். "போவேன், நீங்க முன்னாடி நடந்தா" என்றாள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பூப்போட்ட தலையணை அவளை விடவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு அவன் வாங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் துண்டை வாங்கிப் பார்த்தார். சட்டென்று மேஜைமேல் வைத்துவிட்டார்.

"ஒரு பெட்டி வந்துச்சும்மா. நல்லா போச்சு. இப்ப ஒண்ணுகூட மிச்சமில்ல."

"யார் யாருக்குக் கொடுத்தீங்க?"

"வர்றவங்க வாங்கிட்டுப் போறாங்க. முகமா ஞாபகம் இருக்கும்?"

அதன்பிறகு வேலை இல்லாத நாளெல்லாம் மலை அடிவாரத்தில், காற்றுப் பிடிக்கும் கடைக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தாள். அந்த மாடல் பிக்கப் எது வந்தாலும் கை காட்டி நிறுத்தி, குனிந்து பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர், "நீங்க யாரு போலீசா?" என்றார்கள். சிலருடைய வண்டியில் மஞ்சள் இருந்தது. அவர்களிடம் உடைந்த துண்டை நீட்டினாள். அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள்.

ஒருநாள் கூலியாட்களை நிற்க வைத்துக்கொண்டு ஒரு பிக்கப் வந்தது. கை காட்டினாள். ஓட்டுநர் காசு வசூல் என்று நினைத்தாரோ என்னவோ, வேகத்தைக் கூட்டி விலகித் திரும்பினார். சக்கரம் திரும்பிய அந்த நொடியில், உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருத்தி அவளைப் பார்த்துக் கை அசைத்தாள். காற்றுக்கடைக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு துரத்தினார். மேலே சாலை மூன்றாகப் பிரிகிற இடம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அந்த வண்டி மறுபடி அந்த வழியில் வரவேயில்லை. இறங்குவதற்கு இன்னொரு பாதை இருக்கிறதே, அதில் போயிருப்பார்கள் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறான். இருக்கிறதுதான். அவள் ஒருமுறை அதில் ஓட்டிப் பார்த்தாள். வளைவுகள் இன்னும் குறுகல், ஓரத்தில் சுவரும் இல்லை.