கம்ப்யூட்டர் வெள்ளத்தில் ஒரு கூரை

வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுக்கிற வருஷம் இது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல, பிரவுசிங் சென்டர்க்காரம்மா தட்டி இன்டர்நெட்டில் போடுகிறார்.

இன்று அவனியாபுரத்தில் வெள்ள மீட்புப் பயிற்சி. வைகையில் தண்ணீரில்லை, படகுக்கும் செலவாகும் என்று பழைய கம்ப்யூட்டரிலேயே வெள்ளம் காட்டினார்கள். பழைய படகுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

திரையில், கூரைமேல் ஒருவன் தனியாக நின்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பயந்தவன் கயிற்றைப் பிடிப்பான். அது எங்கள் வழக்கம். என்னை மறந்து கத்திவிட்டேன்.

"டேய் வேலு, கயித்தப் புடிடா!"

எல்லோரும் சிரித்தார்கள். "ஐயா, அது பொம்மைய்யா. அதுக்கு எங்க காது கேக்கும்?"

"காது கேக்குற ஆளு மட்டும் எம்புட்டுப் பேருப்பா மிச்சம்?" என்றேன்.

முன்பு வைகையில் வெள்ளம் வந்த அன்று, கூரைகளிலிருந்து என் படகில் ஏறியவர்களில் ஒருவன்தான் இன்னும் உயிரோடு இருக்கிறான். சோழவந்தான் பக்கம் போகிறவர்கள், அவனைப் பார்த்தால் நான் கூப்பிட்டதாகச் சொல்லுங்கள். பேர் வேலுச்சாமி.