இத்தாலியப் பந்தயக் காருக்கு ஒரு சட்டை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டின் முன்னறையில் இத்தாலியப் பந்தயக் கார் ஒன்றின் இருக்கை மூன்று கிழமை குடியிருந்தது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் மகள் நம்புகிறாள். ஆனால் அவளுக்கு அதில் கொஞ்சமும் அக்கறை இல்லை. அது இன்னும் மோசம்.

போன மாதம் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது, அங்கே கிடந்த பழைய சஞ்சிகையில் அந்த வகைக் கார் ஒன்றின் படத்தைக் கண்டேன். கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கயிறும் கட்டியிருந்தார்கள். தொடக்கூடாது என்று பலகை வேறு. பல்வலியை மறந்து கொஞ்ச நேரம் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் பத்து வயதில் அப்படிப்பட்ட ஒரு காரைத் தொட்டது மட்டுமல்ல, கத்தரிக்கோலால் வெட்டிக் கெடுத்தவளும் நான். முழுக் காரையும் அல்ல. எனக்கு எந்தக் காலத்திலும் அவ்வளவு திறமை இருந்ததில்லை.

அப்பா யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கிப் போடுபவர். ஆனாலும் அவர் ஆசிரியத் தொழிலைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. மாணவர் தொகை குறைந்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஒன்று நான்.

அம்மா வீட்டிலேயே சாறிச் சட்டை தைத்தார். ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளில் சேலை வாங்கும் மணப்பெண்களில் பாதிப் பேர் கடைசியில் எங்கள் முன்னறைக்குத்தான் வந்து சேருவார்கள். அம்மா ஒருவரின் உடம்பிலும் அளவு நாடாவை வைத்து நான் கண்டதில்லை. வாசலிலேயே கேட்பார்: "அளவுச் சட்டை கொண்டந்தனீங்களே?" பழைய சட்டையை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை நீவுவார். பிறகு ஆளைப் பார்க்காமலே சொல்லத் தொடங்குவார். பிள்ளையை இடப்பக்க இடுப்பில் தூக்குகிறவர், ஒரு தோளில் கனத்த பையோடு வேலைக்குப் போகிறவர், கவலையில் மெலிந்தவர், கவலையே இல்லாமல் பெருத்தவர் என்று எல்லாம் வரும். எங்கள் வீதிப் பெண்கள் வைத்தியரிடம் போவதற்கும் அம்மாவிடம் சட்டை கொடுப்பதற்கும் ஒரே அளவு பயந்தார்கள்.

அப்பா வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனுக்குத் தகரக் குடுவையோடு அடிக்கடி வருகிற நெட்டையான ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். வயது எழுபதுக்கு மேல். வீட்டுக் கராஜில் பழைய இத்தாலியக் கார் ஒன்றைப் பல வருடமாகத் திருத்திக்கொண்டிருப்பவர். எல்லாம் முடிந்து, ஓட்டுநர் இருக்கையின் உறை மட்டும் உக்கிப்போய்க் கிடக்கிறது, தைக்க ஆள் அகப்படவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா உடனே, என் மனைவி தைப்பாள் என்றிருக்கிறார். என்ன தைப்பாள் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த மனிதர் இருக்கையைக் கைக்குழந்தை போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குக் கார்க்காரர் என்று பெயர். அம்மாவின் இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அந்தக் காரின் கதையைச் சொன்னார். அப்பா அம்மாவுக்காக மொழிபெயர்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த இத்தாலியில் தொழிற்சாலைகள் இடிந்து கிடந்தன. இரும்பு இல்லை, பணம் இல்லை, பெற்றோலும் அளந்துதான் கிடைத்தது. பந்தயப் பைத்தியம் மட்டும் குறையாமல் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஒரு சின்னக் குடும்பக் காரை எங்கிருந்தாவது தேடிப் பிடிப்பார்கள். பால் வாங்கவும் மாமியார் வீட்டுக்குப் போகவும் செய்யப்பட்ட அப்பாவிக் கார். அதன் கனத்த மேலுடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இயந்திரத்தையும் சக்கரங்களையும் கொண்டுபோய் ஒரு கொட்டகையில் விடுவார்கள். அங்கே ஐந்தாறு பேர் விரல் தடிப்புக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, மெல்லிய அலுமினியத் தகட்டை மரக்குற்றியில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்தக் கூட்டுக்குப் போர்த்துவார்கள். பெரும்பாலும் வரைபடம் கிடையாது. கண் பார்த்தது, கை செய்தது. ஓட்டப்போகிறவரின் உயரம், வயிறு, கையின் நீளம் எல்லாவற்றுக்கும் ஏற்றபடி உடம்பு அமையும். அதனால் ஒரு கார் போல இன்னொன்று இராது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பந்தயம், திங்கட்கிழமை அதே காரில் வேலை.

அப்பா இந்த இடத்தில் மொழிபெயர்ப்பதை மறந்து உணர்ச்சிவசப்பட்டார். அந்த நாட்களில் ஊரிலிருந்து மாமாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அங்கே நடந்த போரில் அரசாங்கம் போட்ட பெற்றோல் தடை காரணமாக யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடுவதாக எழுதியிருந்தார். அப்பா அதைச் சொன்னதும் கார்க்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எப்படி என்று கேட்டார். தொடங்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் என்று அப்பா விளக்கினார். கார்க்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்துக் குறித்துக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்பாவின் பாடத்தை ஒருவர் விரும்பிக் குறிப்பெடுத்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நான் எடுத்த குறிப்புகள் எல்லாம் கட்டாயத்தின் பேரில்.

போகும்போது கார்க்காரர் கோடு கோடாக ஓடும் தடித்த மண்ணிறத் துணி ஒன்றைக் கொடுத்தார். இத்தாலியில் மூடிப்போன ஒரு கடையின் பழைய சரக்கு. இவ்வளவுதான் இருக்கிறது, இனிக் கிடைக்காது என்றார். மூன்று கிழமையில் அந்த மாதிரிக் கார்கள் கூடி ஒரு குன்றின்மேல் ஏறும் விழா. அதில் இந்தக் காரையும் ஏற்றிப் பார்க்கத்தான் அவர் இத்தனை வருடம் அதன் அடியில் படுத்துக் கிடந்தார்.

அம்மா இருக்கையை வழமைபோல உள்ளங்கையால் நீவினார். பழைய உறையைப் பிரித்து, மண்ணிறக் கடதாசியில் அளவு வெட்டினார். வலப்பக்கத்துக்கு ஒரு துண்டு, இடப்பக்கத்துக்கு ஒரு துண்டு. வலத்துண்டு இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது.

ஒரு நாள் அம்மா தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கலியாண வீட்டுக்குச் சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தார். அப்பா எனக்குச் சமச்சீர் படிப்பித்துக்கொண்டிருந்தார். வண்ணத்துப்பூச்சி, அரச இலை எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த உதாரணத்தைத் தேடிய அவருடைய கண் மேசையில் கிடந்த கடதாசியில் விழுந்தது.

"இஞ்ச பார், கொம்மா விட்ட பிழையை. காருக்கு ரெண்டு பக்கமும் ஒண்டாத்தானே இருக்க வேணும்?"

ஓம் என்றேன். சமச்சீர் எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. அப்பா இரண்டு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெட்டியது நான். கோணல் ஒன்றை நேராக்கிவிட்ட மகிழ்ச்சியில் இருவரும் ஆளுக்கொரு மாரி பிஸ்கட் சாப்பிட்டோம். அம்மாவுக்குச் சொல்லி அவரை வெட்கப்படுத்த வேண்டாம் என்று அப்பா பெருந்தன்மையாக முடிவெடுத்தார்.

கார்க்காரர் வருவதற்கு முதல் நாள் அம்மா உறையைத் தைத்து முடித்து இருக்கைக்கு மாட்டினார். இடப்பக்கம் அச்சாவாக உட்கார்ந்தது. வலப்பக்கம் எவ்வளவு இழுத்தாலும் மூடவில்லை. சரியாக இரண்டு விரல். உள்ளே திணித்திருந்த குதிரைமயிர் பல்லிளித்தது. அம்மா கடதாசித் துண்டுகளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு குப்பைக்கூடையைக் கிளறி ஒரு நீளமான கடதாசிக் கீற்றை வெளியே எடுத்தார்.

"ஆர் வெட்டினது?"

அப்பா வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனைப் போல எழுந்து நின்றார். "நான்தான். கையால அடிச்ச சாமானப்பா. உந்தக் கொட்டகைக்காரங்கள் அப்பவே பிழை விட்டிருப்பாங்கள். நான் நேராக்கினனான்."

"பிழையோ? இது பிழையில்லை. இது ஒரு ஆள்."

அம்மா என்னைக் கூப்பிட்டு இருக்கையில் இருக்கச் சொன்னார். இருந்தேன். எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன்.

"நீ நேரா இருக்கிற பிள்ளை, அதான் சாயுறாய். இதில இருந்து கார் ஓடின மனிசனுக்கு வலப்பக்க இடுப்பில சதை இல்லை. அவரை நேரா இருத்தத்தான் உந்தப் பக்கம் உயர்த்திக் கிடக்கு."

"சீற்றைப் பார்த்து ஆளின்ர இடுப்பைச் சொல்லுறீர். இனிச் சாத்திரமும் சொல்லும்" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது. வேறு துணி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கார்க்காரருடைய முகம் எப்படி இருக்கும் என்று நினைக்க அதைவிடக் கூடுதலாக வந்தது.

அம்மா ஒரு பிளேடை எடுத்து வலப்பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

அம்மா தைக்கும் ஒவ்வொரு சட்டையின் பக்கத் தையலுக்கு உள்ளேயும் கொஞ்சத் துணி மடிந்து கிடக்கும். இன்றைக்கு மெலிந்திருக்கிற மணப்பெண் வருடம் திரும்புமுன் பெருக்கலாம். அப்போது தையலைப் பிரித்து விட்டால் பழைய சட்டையே போதும். கடதாசி அளவு என்னவாக இருந்தாலும் துணியை வெட்டும்போது அந்த உபரியை விடாமல் அம்மாவின் கை வெட்டாது. இத்தாலியக் கார் ஒன்றின் இருக்கை பிள்ளை பெற்றுப் பெருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் உள்ளே இரண்டு விரல் துணி இருந்தது. கொட்டகையில் சுத்தியல் தட்டியவர்கள் அம்மாவைக் கண்டிருந்தால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைத்தது, தப்பினோம் என்பது மட்டுந்தான்.

உறை மூடியது. பிரித்த பழைய தையலின் ஊசித்துளைகள் மட்டும் துணியில் எறும்பு வரிசை போலத் தெரிந்தன.

மறுநாள் கார், ஓட்டுநர் இருக்கைக்குப் பதில் ஒரு மரப்பெட்டியோடு, எங்கள் வீதிக்குள் வந்தது. சிவப்பு நிறம், இடுப்பளவு உயரம், ஒரு பெரிய மாம்பழத்தை நீளவாக்கில் இழுத்துவிட்ட மாதிரி உடம்பு. எங்கும் ஒரு நேர்கோடு கிடையாது. அவ்வளவு அழகான சாமானை அந்த வீதி அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முன்விளக்குகளில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதை அப்பா கவனித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பெட்டியை எடுத்துவிட்டு இருக்கையை அதன் இடத்தில் பூட்டினார்கள். கார்க்காரர் அதைத் தடவினார், ஏறி இருந்தார், இறங்கினார். பிறகு அம்மாவிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினார். இதே கார், பக்கத்தில் ஊன்றுகோலோடு குள்ளமான ஒரு மனிதர். ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவராம். போரில் இடுப்பில் காயம். வேறு எந்தக் காரிலும் அவரால் அரைமணி நேரம் இருக்க முடியாதாம். அவருக்கென்றே கொட்டகைக்காரர்கள் இருக்கையை ஒருபக்கம் உயர்த்திச் செய்து கொடுத்தார்களாம். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அப்பாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். "நான் நினைச்சதைவிட முகம் மெலிவு" என்றார்.

அப்போதுதான் கார்க்காரரின் விரல் அந்தத் துளை வரிசையில் வந்து நின்றது. இது என்ன என்று கேட்டார்.

"சொல்லுங்கோ, நான் அளவைப் பிழையா எடுத்திட்டன், பிறகு பிரிச்சுத் தைச்சனான் எண்டு" என்றார் அம்மா அப்பாவிடம்.

அப்பா கார்க்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மனைவி சரியாகத்தான் அளந்தாள். கெடுத்தது நான். காப்பாற்றியது அவள்."

அம்மா சட்டென்று தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் ஆங்கிலத்துக்கு அதிகாரி நான். "இல்லை, அம்மா அப்படிச் சொல்லவில்லை. பிழை தன்னுடையது என்றுதான் அம்மா சொன்னார்" என்று சுத்தமான ஈஸ்ட் ஹாம் ஆங்கிலத்தில் உரத்துத் திருத்தினேன். கத்தரிக்கோலைப் பிடித்த கை யாருடையது என்பது இரண்டு மொழியிலும் வரவில்லை. அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

கார்க்காரர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து, அம்மாவை ஏறச் சொல்லிக் கையால் காட்டினார். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். இயந்திரம் கர்ஜித்தது. கார்க்காரர் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி ஓட்ட, அம்மா வாயைப் பொத்திச் சிரித்தபடி போனார். அப்பா நடுவீதியில் நின்று, கார் திரும்பி மறைந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இவ்வளவு இலகுவான ஒரு வசனத்தையே தலைகீழாக மொழிபெயர்க்கிறாரே, அப்பாவின் ஆங்கிலம் இத்தனை மோசமா என்று கவலையாக இருந்தது. திங்கட்கிழமை தொடக்கம் அவருக்குப் பாடம் எடுப்பது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.