தறிக்குழி ஜெபம்

எங்கள் தெருவுக்கு ஞாயிறுதோறும் ஒரு பாஸ்டர் வருவார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பைபிள். ஜெபம் முடிந்ததும் அவர் போடும் 'ஆமென்' தெருமுனை வரை கேட்கும். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது.

ஒரு மழைநாளில் எதிர்வீட்டு அக்கா தறிக்குழியில் கால்விட்டு நெய்துகொண்டிருந்தார். குழியில் கணுக்கால்வரை தண்ணீர். அங்கே வந்த பாஸ்டர் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த மகளைக் குழியிலிருந்து தூக்கியெடும்" என்றார்.

அக்கா பதறிவிட்டார். "ஐயோ, அப்படி வேண்டாதீங்க ஐயா! குழிய வுட்டு ஏறிட்டா சோத்துக்கு எங்க போவேன்? தண்ணி ஊறிக்கினே இருக்குது, அத நிக்கச் சொல்லுங்க."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். அக்காவை எழச் சொல்லிவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிச் சொம்பால் இறைக்கத் தொடங்கினார். இறைக்க இறைக்க ஊறியது.

இருட்டும்வரை எங்கள் வாசலிலேயே நின்றிருந்தேன். ஆமென் கேட்கவே இல்லை.