சின்னம்மாவின் டிரெய்லர்

சின்னம்மாவின் வேன் ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், உள்ளே இருப்பவர்கள் பதறியடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். வேனைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. அதன் பின்னால் கொக்கியில் மாட்டி வரும் டிரெய்லர்தான் காரணம். ஒருமுறை கீரை வாங்கலாமென்று ஒரு வீட்டின் முன் நிறுத்தியிருக்கிறார். அந்த வீட்டு மருமகள் ஓடிவந்து, "எங்க மாமா நல்லாத்தான் இருக்காரு, இப்பதான் சாப்பிட்டாரு" என்றாளாம். "சந்தோஷம்மா, ரெண்டு கட்டு கீரை குடு" என்றாராம் சின்னம்மா. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

சின்னம்மாவின் கணவர், அதாவது என் அப்பாவின் தம்பியான சித்தப்பா, மலேசியாவில் லாபிஸ் என்ற சிற்றூரில் கார்ப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையில் கிடந்த ஏதோ ஒரு பழைய காரின் பின் அச்சையும் சக்கரங்களையும் கழற்றி, தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டமாக்கி, மேலே பலகை அடித்து அவரே செய்த வண்டி அது. எங்கள் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், நாற்காலிகள், தேநீர்ப் பானை எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு, சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்குள் இருவரும் போய் நின்றுவிடுவார்கள். சித்தப்பா போன பிறகு சின்னம்மா தனியாகவே ஓட்டினார். சாவு வீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாதவர்கள் இல்லை. அதே ஆட்கள் வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை வரும், கூடவே இவர் வராமலிருந்தால் தேவலை என்ற முகமும் வரும். தாலி இல்லாதவர், போதாக்குறைக்குச் சாவு வண்டிக்காரி. சின்னம்மா அதைப் புரிந்துகொண்டு நல்ல காரியங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதும் அதையேதான் சொன்னார். "நான் வூட்டுலேருந்தே ஆசீர்வாதம் பண்றேன் புள்ள. நான் வந்து நின்னா எல்லாருக்கும் அந்த வண்டிதான் ஞாபகம் வரும்." பிள்ளையில்லாத அந்த வீட்டில் பாதி வளர்ந்தவள் நான். பள்ளி விட்டால் அங்கேதான் சோறு, அங்கேதான் தூக்கம். அவர் இல்லாமல் என்ன கல்யாணம்? எனக்கு வந்த கோபத்தில், "அப்ப அந்த வண்டியிலதான் என் கல்யாணப் பானையெல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு எனக்கே பிடித்துப்போயிற்று.

வண்டியோ அப்போது பேரிங் இறுகிப்போய், டயர்கள் வெடித்து, சில மாதங்களாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எனக்கு நிச்சயித்திருந்தவர் பாசிர் கூடாங் துறைமுகத்தில் வெல்டர். விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளில் கருவிகளைக் கட்டிக்கொண்டு லாபிஸுக்கு வந்துவிடுவார். மேல் பலகையைப் பெயர்த்தால் கீழே சட்டத்தில் பாதியைத் துரு தின்றிருந்தது. சின்னம்மா முதல் நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை காப்பி கொண்டுவந்து வைத்தார். அதற்கடுத்த முறை குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பற்றவைத்த இடங்களெல்லாம் புளியை உருட்டி ஒட்டியதுபோல் இருக்கும். அதைத் தேய்த்துவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்று மாப்பிள்ளை மெஷினை எடுத்தபோது, "அதுல கை வைக்காதீங்க மாப்ள. அசிங்கமா இருந்தாலும் புடிச்சிக்கிட்டுத்தான இருக்கு?" என்றார் சின்னம்மா. இவர் சுத்தியலால் பலமாகத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. துருவேறிய குழாய்களை மட்டும் மாற்றி, அச்சில் புது பேரிங் போட்டு, நல்ல மஞ்சள் நிறத்தில் சாயம் அடித்தோம். என் அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "மஞ்ச பூசிட்டா சாவு வண்டி கல்யாண வண்டி ஆயிடுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவும் வேன் சாவியை என் தம்பியிடம் கொடுத்தாரே தவிர, வருகிறேன் என்று சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலையில் தம்பி பானைகளும் அரிசி மூட்டைகளுமாக வண்டியைக் கோயில் மண்டபத்துக்கு இழுத்து வந்தான். முன்னால் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. சமையல்கட்டுச் சந்துக்குள் பின்னால் தள்ளும்போதுதான் வினை. டிரெய்லரைப் பின்னால் கொண்டுபோக ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தம்பி பழக்கதோஷத்தில் திருப்பத் திருப்ப, வேன் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக மடங்கிக்கொண்டு சாக்கடை ஓரத்தில் நின்றன. கொக்கி இறுகிக் கழற்றவும் வரவில்லை. வந்த விருந்தாளிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மண்டபத்து அறையில் எனக்கு அலங்காரம் செய்த அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார், நான் சன்னலை விட்டு நகரவில்லை. தம்பி வேறு வழியில்லாமல் சின்னம்மாவுக்குப் போன் போட்டான்.

சின்னம்மா பூப்போட்ட பாத்தேக் கைலியும் பழைய டீ சட்டையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. வேனை மெல்ல முன்னால் எடுத்து நேராக்கி, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, ஒரே மூச்சில் வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். சமையல்காரர் வாய்விட்டு, "யம்மாடி" என்றார். சின்னம்மா சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் பக்கம் நடந்தார். அப்போதுதான் என் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போற?"

"வூட்டுக்குக்கா. பானைய எறக்கிக்குவாங்க."

"சேலைய மாத்திக்கிட்டு வா. புள்ளைக்கு மாலைய நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"வேணாங்க்கா. நாலு பேரு பேசுவாங்க."

"பேசட்டும்" என்றார் அம்மா, கூட்டத்துக்குக் கேட்கும்படியாகவே. "அந்த நாலு பேரு வூட்டுக்கும் மொத ஆளா போனது நீதான?"

என் கண்மை கரைந்துவிட்டது என்று அலங்கார அக்கா திட்டினார், திட்டட்டும் என்று அழுதேன். சின்னம்மா வந்தார். மாலையை எடுத்துக் கொடுத்தார்.

வண்டி இன்றைக்கும் சாவு வீட்டுக்குப் போகிறது, போகத்தான் வேண்டும். இடையிடையே மற்ற வீடுகளுக்கும் போகிறது. போன வாரம் சின்னம்மா போனில் மூச்சுவிடாமல் சிரித்தார். யாரோ ஒரு பெண் தங்காக் ஊரிலிருந்து அழைத்து வண்டி வேண்டும் என்றிருக்கிறாள். இவர் பழக்கத்தில் குரலைத் தாழ்த்தி, "எத்தன மணிக்கும்மா எடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ஆன்ட்டி, எங்க பாப்பாவுக்குக் காது குத்து" என்றாளாம் அவள்.

"அப்புறம் என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பாப்பா பேரு என்னான்னு கேட்டேன் புள்ள."