முப்பது லிட்டர் பானைக்கு ஒரு பாவாடை

ராக்கப்பன் மாஸ்டரின் டேப்புக்குள் வராத உடம்பு வளைகுடாவில், அவர் தையல் கடை இருக்கிற கராமாவில் குறைவு. ஒல்லி, குண்டு, ஒரு தோள் இறங்கியவர், "அடுத்த வாரம் ஜிம்முக்குப் போறேன், ரெண்டு இஞ்சு குறைச்சே தைங்க" என்று நம்பிக்கையோடு சொல்பவர் என எல்லா வகையும் வந்து போயாயிற்று. ஆனால் 2007 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மாலை கல்யாணசுந்தரம் தூக்கி வந்து கட்டிங் மேஜைமேல் வைத்த உடம்புக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. பிரியாணி கிண்டுகிற அலுமினியத் தேக்சா. முப்பது லிட்டர்.

கல்யாணசுந்தரம் இரண்டு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருப்பவர். தண்ணீர் சுத்திகரிக்கும் கம்பெனியில் கெமிக்கல் என்ஜினியர். அவர் மனைவி நீலாவின் ஜாக்கெட்டெல்லாம் இந்தக் கடையில்தான் தைக்கிறார்கள்.

"மாஸ்டர், இதுக்கு ஒரு பை தைக்கணும். உள்ளே இறங்கி உட்காரணும், வாய்ல மடிச்சு விடுற மாதிரி."

ராக்கப்பன் எதற்கு என்று கேட்கவில்லை. டேப்பை எடுத்துப் பானையைச் சுற்றினார்.

"இடுப்பு நாப்பத்தஞ்சு. உயரம் பன்னெண்டு. லூசு எவ்வளவு விடட்டும் சார்?"

"லூசா?"

"வயிறு நெறஞ்சா பொடைக்கும்ல. உள்ள என்ன போடுவீங்கன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன விடலாம்."

கல்யாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அழுக்கு அதில் ஒன்றும் இல்லை. "பருப்பு. வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. சாம்பாருக்கு."

"சரிங்க சார்."

"துணிதான் முக்கியம். அறுபத்தேழு டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் தாங்கணும். தானியம் உள்ளேயே நிக்கணும், தண்ணி மட்டும் கடகடன்னு வடியணும். சாயம் போகக் கூடாது. வாசனை வரக் கூடாது. ஏழெட்டு கிலோ ஈரத்தோட தூக்கினா கிழியக் கூடாது."

"எங்க ஊருல மாப்பிள்ளைக்குக்கூட இத்தன கண்டிசன் போட மாட்டாய்ங்க சார்."

பானை போன பிறகும் அந்த அறுபத்தேழு மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது. எந்தப் பருப்பு அறுபத்தேழு டிகிரியில் வேகும்? கொதிக்காமல் சாம்பார் வைக்கிற வீடு எது?

மாஸ்டருக்கு ஊர் பரமக்குடி. வயது நாற்பத்தொன்று. வளைகுடாவில் பதினோரு வருஷம். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தையலுக்கு முன்னால் சத்தியத்தைச் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் மகள் சங்கீதாவின் காதுகுத்துக்கு லீவில் போனவர், கையோடு கொண்டுபோன பாட்டிலை மண்டபத்துச் சமையல்கட்டிலேயே திறந்து, கோணிச் சாக்குகளுக்கு நடுவே தூங்கிப்போனார். போட்டோவில் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அன்று சாயங்காலம் மனைவி நாகவள்ளி அவர் கையை எடுத்துப் பிள்ளையின் தலைமேல் வைத்தாள். "குடிக்க மாட்டேன், வாங்கிக் குடுக்க மாட்டேன், அந்த வேலைக்குக் கை குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க." வக்கீல் வைத்து எழுதியிருந்தாலும் இத்தனை ஓட்டையில்லாமல் வந்திருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் போன் எடுத்ததும் அவளுடைய முதல் கேள்வி, "சுத்தமா?" நான்கு வருஷமாக அவருடைய பதில், "சுத்தம்." மனிதர் தன் வாழ்க்கையில் முழுசாகக் காப்பாற்றியது இந்த ஒன்றைத்தான் என்று அவரே சொல்வார்.

துணி விஷயத்துக்கு வருவோம். கடைத் துண்டுகளில் நான்கைப் பொறுக்கி, துண்டுக்கு ஒரு சாண் அளவில் நான்கு குட்டிப் பை அடித்தார். மல் துணி, கொசுவலை, அரபிகளின் வெள்ளை அங்கி தைக்கிற டெரிக்காட்டன், ஜன்னல் திரைக்கு உள்பக்கம் போடுகிற சல்லாத்துணி. ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டினார். பஞ்சு சாம்பலானது, பாலியஸ்டர் மணி மாதிரி உருண்டது. ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் கண்ணை இடுக்கினார். வாயை வைத்து ஊதினார். பக்கத்து மெஷின் பாகிஸ்தானி மாஸ்டர், "க்யா ஹை பாய், பலூன்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ரூமில் ராக்கப்பனின் சமையல் முறை. ஆறு பேர் ரூம், ஆளுக்கு ஒரு நாள். அன்று கோதுமை நொய்யை நான்கு பைகளில் கட்டிச் சுடுதண்ணீரில் இறக்கியதைப் பார்த்து அழகுமலை வந்து எட்டிப் பார்த்தான். ஏசி மெக்கானிக், உசிலம்பட்டிக்காரன், பசி பொறுக்காதவன்.

"என்ன மாப்ள, கோமணத்த வேக வைக்கிற?"

"சும்மா இருய்யா. டெஸ்ட்டு."

"ஆசுபத்திரியிலதான் டெஸ்ட்டு. அடுப்படியில சோறு."

அரை மணி கழித்து ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். கொசுவலை நொய்யையே வெளியே விட்டுவிட்டது. அங்கித் துணி ஒரு சொட்டைக்கூட விடவில்லை. வேட்டியோடு கண்மாயில் குதித்தவன் மாதிரி ஊதிக்கொண்டு நின்றது. மல் துணி முதலில் ஒழுங்காக வடிகட்டியது. பிறகு நூல் ஊறிப் பெருத்து, கண்ணெல்லாம் அடைத்து, கொழகொழவென்று மூச்சை நிறுத்தியது. சல்லாத்துணியைத் தூக்கினார் ராக்கப்பன். நொய் உள்ளே, தண்ணீர் கீழே. குலுக்கினார். இன்னும் கொஞ்சம் வடிந்தது. பிழிந்தார். கிழியவில்லை.

"ஏ, இது நல்லாருக்கேய்யா!" என்றான் அழகுமலை. "ஆமா, என்னத்துக்கு இது?"

"சாம்பாருக்காம்."

"சல்லடை இல்லையா அந்தாளு வீட்டுல?"

அதே கேள்வியை மாஸ்டர் சனிக்கிழமை போனில் நாசூக்காகக் கேட்டார். கல்யாணசுந்தரம், "சாம்பார் இல்லை மாஸ்டர், பால்கனிச் செடிக்கு உரம் ஊறப்போட" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சொன்ன சல்லாத்துணி இரண்டரை மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தபோது, "டாக்டர் பார்லிக் கஞ்சி குடிக்கச் சொல்லியிருக்கார்" என்றார். மூன்று நாளில் ஒரே பை சமையல்கட்டிலிருந்து பால்கனிக்கும், பால்கனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. ராக்கப்பனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் ஒரு சுடிதாருக்குக் கழுத்தை முதுகுப்பக்கம் வெட்டிவிட்டார். அது அவருக்கு வழக்கமில்லை.

பை ஒருவழியாகத் தயாரானது. தைக்கத் தைக்க அவருக்கே விளங்கிப்போனது, இது அடி மூடிய உள்பாவாடை, அவ்வளவுதான். மேலே நாடா ஓடும் நேஃபா மடித்து, நாடா கோத்தார். பக்கத்தில் இரட்டைத் தையல், அடியில் மூன்று தையல், ஓரமெல்லாம் ஓவர்லாக். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் பட்டி. செவ்வாய் மாலை கல்யாணசுந்தரம் வந்து விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நாடாவை இழுத்தார், இன்னும் மலர்ந்தது. பிறகு நேஃபாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீலத் துண்டைப் பார்த்தார். மலர்ந்தது அத்தனையும் சுருங்கியது.

"மாஸ்டர், இது என்ன?"

"நம்ம கடை லேபிள் சார்."

பதினோரு வருஷப் பழக்கம். இந்தக் கடையிலிருந்து வெளியே போகிற எதிலும், உள்பாவாடை உட்பட, கடைப் பெயரும் போன் நம்பரும் போட்ட லேபிள் இல்லாமல் போனதில்லை. கையே போய் அதை வைத்துத் தைத்துவிடும். மூளைக்கு அதில் வேலை கிடையாது.

"எடுங்க மாஸ்டர். உடனே எடுங்க. போன் நம்பர் வேற! மாட்டினா நீங்களும் சேர்ந்து மாட்டுவீங்க!"

"கஞ்சிக்கு எதுக்கு சார் மாட்டணும்?"

கல்யாணசுந்தரம் கடை வாசலைப் பார்த்தார். பாகிஸ்தானி மாஸ்டர் டீக்குப் போயிருந்தார். கட்டிங் மேஜைமேல் குனிந்தார்.

"பீர், மாஸ்டர்."

ராக்கப்பன் மெஷின் சக்கரத்தில் கையை ஊன்றினார்.

"பார்லிய முளைகட்டி, காயவச்சு, உடைச்சு, பையில போட்டு இந்தச் சூட்டுல ஊறவச்சா இனிப்பா ஒரு தண்ணி இறங்கும். அதுல ஈஸ்ட் போட்டா பீர். வாங்கிக் குடிக்க என்கிட்ட பர்மிட் இருக்கு. குடிக்கிறதுக்கில்ல மாஸ்டர், எப்படி ஆகுதுன்னு பாக்கணும். அவ்வளவுதான். பால்கனியில பார்லி காயுது, நீலா நான் சுகருக்குப் பத்தியம் இருக்கேன்னு நினைச்சிட்டிருக்கா."

"இந்த ஊர்ல வீட்டுல காய்ச்சுனா?"

"ஊருக்கு டிக்கெட்."

ராக்கப்பனின் கை மெஷின் சக்கரத்திலிருந்து தானாக இறங்கியது. டிக்கெட் அவரை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. மூன்றாவது வாசகம் பயமுறுத்தியது. குடிக்கவில்லை, வாங்கிக் கொடுக்கவில்லை. கை? நாடா கோத்துப் பட்டி வைத்துக் கொடுத்திருக்கிறது.

"சார், லேபிள எடுக்கணும், ஓரம் பிரியும். சனிக்கிழமை வாங்க" என்று பையை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கிற போனில் கார்டைச் செருகினார்.

"ஏங்க, சுத்தமா?"

ராக்கப்பன் போனை இடது காதுக்கு மாற்றினார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். பானை, சாம்பார், உரம், கஞ்சி, லேபிள். முடிந்ததும் நாகவள்ளி விசாரணையைத் தொடங்கினாள்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"மோந்து பாத்தீங்களா?"

"கோதும நொய்யத்தான்டி மோந்தேன்."

"பை இப்ப யாருகிட்ட இருக்கு?"

"என் டிராயர்ல. சாவி என் பையில."

"தெரியாம தச்சதுக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சு தூக்கிக் குடுத்தீங்கன்னா அது கை குடுத்ததுதான். சாமி மேல பண்ணுன சத்தியம்னா ஒரு தேங்காய ஒடச்சுப் பேசித் தீத்துக்கலாம். இது புள்ள மேல பண்ணுனது."

"அந்தாளு துணி அது. திருப்பித் தரலேன்னா திருட்டாயிடும்."

"அது உங்க பாடு. ரெண்டும் ஆகாம பாத்துக்கங்க." பிறகு குரல் இறங்கியது. "ஆமா... அம்புட்டு மெல்லிசுத் துணி கிழியாம எப்புடிங்க நின்னுச்சு?"

கார்டில் மிச்சமிருந்த நிமிஷங்கள் எல்லாம் அடியில் போட்ட மூன்று தையலை விளக்குவதில் போயின.

சனிக்கிழமை காலை ராக்கப்பன் கடையைத் திறந்து, பிளேடை எடுத்து, பையைப் பிரித்தார். தைக்க முக்கால் மணி, பிரிக்க இரண்டு மணி நேரம். ஓவர்லாக் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. கல்யாணசுந்தரம் வந்தபோது மேஜைமேல் ஒரு பெரிய துண்டு, பட்டிக்கு வெட்டிய இரண்டு துண்டு, ஒரு நாடா, மடித்து வைத்த மிச்சத் துணி. பக்கத்தில் கைப்பிடி அளவு வெள்ளை நூல்.

"என்ன மாஸ்டர் இது!"

"துணி உங்க துணி சார். தையல் என் தையல். நான் என்னோடத எடுத்துக்கிட்டேன்." சத்தியத்தையும் சொன்னார்.

கல்யாணசுந்தரம் கோபப்பட முயன்றார். நாற்காலியில் உட்கார்ந்து துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வேற மாஸ்டர்கிட்ட கொடுத்தா?"

"அது அவரு சத்தியம் சார். எனக்குத் தெரியாது."

சல்லாத்துணியில் தையலைப் பிரித்தாலும் ஊசி போன இடம் புள்ளிபுள்ளியாக நிற்கும். எங்கே மடித்தது, எங்கே இரட்டை, எங்கே மூன்று என்று அத்தனையும் வரைபடம் போல அதில் தெரிந்தது. தண்ணீர் தெளித்து ஒரு முறை அயர்ன் போட்டிருந்தால் பாதி மறைந்திருக்கும். மாஸ்டர் போடவில்லை. அயர்ன் பாக்ஸ் அன்று சூடாகவில்லை என்கிறார். பாகிஸ்தானி மாஸ்டர் அன்று அதே பெட்டியில் ஏழு சட்டை தேய்த்தார். நமக்கு எதற்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நீலாவின் ஜாக்கெட்டை வாங்க கல்யாணசுந்தரம் வந்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். ராக்கப்பன் ஜாக்கெட்டைக் கவரில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"சார், அந்தத் துணி... தண்ணி நின்னுச்சா, வடிஞ்சுச்சா?"

"வடிஞ்சுது மாஸ்டர்! தூக்கிப் பிடிச்சேன், அஞ்சே நிமிஷம், மொத்தமும் கீழே."

"தானியம் வெளிய வந்துச்சா?"

"தூள் கொஞ்சம். முழுசா ஒண்ணுகூட இல்லை. அப்புறம் அந்தத் தண்ணியில ஈஸ்ட்டைப் போட்டு—"

"சார்." மாஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். "துணியப் பத்தி மட்டும் சொல்லுங்க."

"துணி பிரமாதம். புள்ளி பார்த்து நானே கையால தைச்சேன். கோணல்மாணல்தான், ஆனா நிக்குது."

"அடியில எத்தன தையல் போட்டீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா! ஈரக் கனத்துக்கு அது பிச்சுக்கும் சார், மூணு போடணும், அதுவும் மடிச்சு..."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்யாணசுந்தரம் அதற்குள் பேனாவை எடுத்து ஜாக்கெட் கவரின்மேல் குறித்துக்கொண்டிருந்தார். இதை நாகவள்ளியிடம் எந்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று மாஸ்டர் யோசிக்கத் தொடங்கினார்.